கம்புக்கு இந்தப் பக்கம்

ஈரத் துணியில் போட்ட முடிச்சு காய்ந்த பிறகு லேசில் அவிழாது. ஆற்றில் துவைத்து வளர்ந்த பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். காற்றுக்கு அவிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே நான் எப்போதும் ஈரத்தோடு கட்டுவேன். எங்கள் படித்துறைக்கு எதிரே ஆற்றுக்குள் துணி கட்டி நிற்கிற கம்புகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த முடிச்செல்லாம் என் கையால் போட்டவை.

காலையில் நான் ஸ்டேஷனுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது உங்கள் ஏட்டையா நம்பவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "எம்மா, வெயில்ல நடந்து வந்திருக்கிய. மனசு சங்கடத்துல என்னத்தையாவது பேசாதிய. குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். நல்ல மனிதர். நான் போகிற இடத்திலெல்லாம் நல்ல மனிதர்களாகத்தான் இருக்கிறார்கள். காரியம் மட்டும் நடப்பதில்லை. நீங்கள் ஒருவர்தான் உட்காரச் சொல்லி, முதலில் இருந்து சொல்லுங்கள் என்று கேட்டீர்கள், ஐயா. அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

என் பெயர் ஜெபகனி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறேன். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், கிறிஸ்மஸுக்கு வருவார். எங்களுக்கு ஒரே பிள்ளை, கரோலின். பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள்.

கம்பு நடுகிற வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. துணியால் வந்தது. பாபநாசத்தில் குளிக்க வருகிறவர்கள் உடுத்தியிருந்ததை ஆற்றோடு விட்டுவிட்டுப் போவார்கள். துணியோடு பாவமும் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாவம் எங்கே போகிறதோ தெரியாது, துணி எங்கள் ஊருக்கு வரும். வெள்ளம் வடிந்ததும் நாணல் புதரிலும் முள்ளிலும் வேட்டியும் சேலையுமாகத் தொங்கும். மற்றப் பெண்கள் அதைத் தொடமாட்டார்கள். நான் எடுக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் கத்துவாள்.

"எக்கா, போடுங்க அத. எவன் செஞ்ச பாவமோ, கைல ஒட்டிக்கிடும்."

"எங்களுக்கு ஒட்டாதுட்டி. நாங்க வேதக்காரங்கல்லா."

"ஆமா, ஒங்களுக்குப் பாவம் தனியா வேற பைப்புல வருதாக்கும்."

இருவரும் சிரிப்போம். அந்தத் துணியைக் கிழித்துத்தான் கம்புகளில் கட்டினேன். சிவப்பு, காவி, மஞ்சள் என்று தூரத்தில் இருந்தே கண்ணுக்குத் தெரியும்.

நான் கல்யாணமாகி வந்த காலத்தில் கம்புக்கு வேலை இருக்கவில்லை. இக்கரையில் இருந்து அக்கரை வரை மணல். அதன் மேல் இடுப்பளவுத் தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடந்து போவோம். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு ஆற்றில் நீச்சல் யாருக்கு வேண்டும்.

பிறகு பெருமாள்ராஜ் வந்தார். ஆற்றை ஒட்டிய தன் பட்டா நிலத்தில் சவுடு மண் எடுப்பதாகச் சொல்லி அனுமதி வாங்கினார். நிலத்தில் இறங்கிய இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. முன்பும் மாட்டு வண்டியில் மணல் எடுத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் குழியை அடுத்த வெள்ளம் வந்து தூர்த்துவிடும். இப்போது தூர்ப்பதற்கு மணல் வருவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை மணிமுத்தாறு அணைக்குக் கூட்டிப்போனபோது நான் சமையலுக்குப் போயிருந்தேன். மலையில் இருந்து வருகிற மண்ணெல்லாம் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்று அங்கே காவல் இருந்தவர் சொன்னார். அப்படியானால் எங்கள் ஊருக்கு வருவது வெறும் தண்ணீர். மணலைச் சுமக்காத தண்ணீர் பசியோடு வருகிறது, ஐயா. போகிற வழியில் கிடைத்ததைத் தின்கிறது. முதலில் ஆற்றின் அடியைத் தின்றது. படித்துறையின் கடைசிப் படி அந்தரத்தில் தொங்கியது. பிறகு கரையைத் தின்றது.

எங்கள் கரையில் இருப்பது கல்லறைத் தோட்டம்.

படித்துறைக்கு எதிரே ஆறேழு எட்டு நடக்கிற தூரத்தில் ஒரு பெரிய குழி. மூன்று பக்கமும் இயந்திரம் வெட்டின வாக்கில் நேராக இருக்கும். தண்ணீர் மூடியிருப்பதால் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. விளிம்பில் கால் வைத்தால் மணல் பொலபொலவென்று உள்ளே சரியும். நிற்க இடம் இருக்காது. என்னிடம் சோறு வாங்கித் தின்கிற பிள்ளைகள் அந்த ஆற்றில்தான் குளிக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் வெள்ளம் வடிந்ததும் மூங்கில் கம்பால் தட்டித் தட்டிப் பார்த்து, குழிக்கு முன்னால் கம்பு நட்டுத் துணி கட்டுவேன். கம்புக்கு இந்தப் பக்கம் குளிக்கலாம், தாண்டக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் இந்தச் சட்டம் தெரியும். வெளியூரில் இருந்து வந்தவர்கள்கூட, "ஜெபகனியக்கா கம்பு நட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். நான் நட்டதை ஆடு மேய்க்கிறவனும் பிடுங்கமாட்டான். இந்த ஊரில் எனக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

பிள்ளைகள் அதை வைத்து ஒரு விளையாட்டும் கண்டுபிடித்திருந்தார்கள். படியில் இருந்து இறங்கி ஓடி, கம்பைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். யார் முந்தி என்று பார்ப்பார்கள். கரோலினும் அவள் கூட்டாளி பெர்லினும் தினமும் இதைத்தான் விளையாடுவார்கள். நான் படியில் நின்று எண்ணுவேன்.

பெர்லின் கிங்ஸ்லி சாரின் மகள். கிங்ஸ்லி சார் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், எங்கள் சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒரே வாரத்தில்தான் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். அவள் எழுந்து வந்தாள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

அந்தப் பெரிய மார்கழி வெள்ளம் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஆற்றுப் பக்கமிருந்த வரிசைகளெல்லாம் அதில் சரிந்துவிட்டன. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். சிலுவைகள் சேற்றில் தலைகுப்புறக் கிடந்தன. கிங்ஸ்லி சார் தன் தகப்பனாரின் பெயர் செதுக்கிய கல்லைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கல்தான் கிடைத்தது. கரோலின் தப்பினாள். அவளுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு மண் மிச்சமிருந்தது.

நான் அன்றே பெருமாள்ராஜைப் போய்ப் பார்த்தேன். லாரிக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கரை சரியுது. தோண்டுதத நிப்பாட்டுங்க."

"எக்கா, ஒங்க கல்லறையவா தோண்டுதோம்? ஆத்தத்தான தோண்டுதோம். அது தானா வந்து விழுந்தா நாங்க என்ன செய்ய?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் அப்போது தோன்றியது.

அதற்குப் பிறகு மனு. திங்கட்கிழமை தோறும் காலையிலேயே சமையலை ஆறுமுகத்தாயிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறுவேன். எந்த அலுவலகம் என்று நான் சொல்லவில்லை. அங்கே இருந்தவர்களை மாட்டிவிட வரவில்லை. வரிசையில் நிற்பேன், கொடுப்பேன், சீல் அடித்துக் கொடுப்பார்கள். அந்த அலுவலகம் இந்த அலுவலகத்துக்கு அனுப்பும், இது அதற்குத் திருப்பி அனுப்பும். ஆற்றுக்கு ஒரு அலுவலகம், மணலுக்கு வேறு அலுவலகம், கரைக்கு இன்னொன்று, கல்லறைக்கு எதுவும் இல்லை. ஒருவர், ஆற்றில் குழி இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நான் கம்பு நட்டிருக்கிறேன் என்றேன். எழுதிக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை பார்வையிட ஆள் வந்தார்கள். வருகிற விஷயம் எங்களுக்கு முன்பே பெருமாள்ராஜுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு ஆற்றில் இயந்திரமும் இல்லை, லாரியும் இல்லை, டயர் தடம்கூட இல்லை. செடியை வெட்டிக் கட்டி இழுத்து அழித்திருந்தார்கள்.

கடைசியாகப் போனபோது மனு வாங்குகிற கிளார்க் என்னைத் தனியே கூப்பிட்டார். வயதானவர். என்னைக் கண்டால் எழுந்து ஃபேனை என் பக்கம் திருப்பி வைப்பார்.

"எம்மா, நீங்களும் வாரிய, நானும் வாங்கி வைக்கேன். ஒங்க கால் வலிதான் மிச்சம். ஒரு உயிர் போனாத்தாம்மா மேல இருந்து ஆளு வரும். அதுவரைக்கும் இது இப்படித்தான்."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் அத்தனை நாள் அலைச்சலில் எனக்குத் தெளிவாகக் கிடைத்த பதில் அது ஒன்றுதான். பஸ்ஸில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சுடலைமணி விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். லோடு ஏற்றுகிறவன், தெருக்கடைசி வீடு. தை மாதம் ஒருநாள் மத்தியானம் குடித்துவிட்டுக் குளிக்க இறங்கினான். அவனுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அவன் கம்பைத் தாண்டிப் போனதைத் துவைகல்லில் இருந்து பார்த்தேன், அவ்வளவுதான். கூப்பிட்டிருக்கலாம். கிளார்க் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. ஆனால் அவனுக்காக மேலே இருந்து யாரும் வரவில்லை. மதுபோதையில் மூழ்கினான் என்று பேப்பரில் மூன்று வரி வந்தது. மறுநாளே இயந்திரம் இறங்கிவிட்டது. ஒரு உயிர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டார்களே தவிர எந்த உயிர் என்று சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தவக்காலம் முழுக்க இதைப் பற்றி நிதானமாக யோசித்தேன். சின்னப் பிள்ளைகள் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். நான் அவர்களுக்குச் சோறு போடுகிறவள். கைப்பிள்ளைக்காரிகளும் வேண்டாம். குடிக்கிறவன் பயன்படமாட்டான் என்று பார்த்தாகிவிட்டது. வயதானவர்கள் என்றால் காலம் முடிந்தது என்பார்கள். படிக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும். பேப்பரில் போட நல்ல போட்டோ இருக்க வேண்டும். சும்மா விடாத தகப்பன் இருக்க வேண்டும்; நாலு பேரைத் தெரிந்தவராக, ரோட்டில் உட்கார்ந்தால் கூட உட்கார ஆள் இருக்கிறவராக. இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் எங்கள் ஊரில் ஒருத்திதான் மிச்சமிருந்தாள். நான் தேடிப் போகவில்லை, ஐயா. கணக்கு தானாக அங்கே போய் நின்றது.

பெர்லின் பாளையங்கோட்டையில் காலேஜில் படித்தாள். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். நானும் அவளுமாகக் கரோலினுடைய கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்போம். ஏழு வருஷமாக அவள் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை முடிந்ததும் ஊரே அசந்து படுத்துவிடும். அந்த மத்தியான நேரத்தில் ஆற்றுக்குப் போனேன். சித்திரை மாதம், தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. கம்புகளைப் பிடுங்க அதிக பலம் தேவைப்படவில்லை. முடிச்சை அவிழ்க்கவில்லை, துணியோடு அப்படியே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, மேல்பக்கமாகச் சுற்றிப் போய், குழிக்கு அந்தப் பக்க விளிம்பில் நட்டேன். கரையேறிப் பார்த்தேன். பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. நான் செய்தது இவ்வளவுதான். யாரையும் தள்ளவில்லை, இழுக்கவில்லை. கம்பை ஓரிடத்தில் இருந்து எடுத்து இன்னோரிடத்தில் நட்டேன்.

நான் கவனமில்லாதவள் அல்ல. சனிக்கிழமை விடியுமுன்பே சமைத்து வைத்துவிட்டு வந்து படித்துறையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் குளிக்க வந்தார்கள். தண்ணீருக்குள் பாட்டில் உடைந்து கிடக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஆறுமுகத்தாய் துணி மூட்டையோடு வந்தாள். வீட்டில் குழம்பு கொதிக்கிறது, போய்ப் பார் என்று அனுப்பிவிட்டேன். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெயில் ஏறி ஆள் நடமாட்டம் நின்ற பிறகுதான் வீட்டுக்குப் போய்க் குழம்பைச் சுட வைத்தேன். பெர்லின் மத்தியானம் வந்தாள். கையில் சம்மங்கி மாலை.

"சித்தி, ஒங்க மீன்கொழம்பு வாசம் தெருமுக்குலயே வந்துட்டு. ஆஸ்டல்ல போடுதது கொழம்பா, கைகழுவுன தண்ணியான்னே தெரியல."

"எளச்சுப் போயிட்டட்டி."

"போன தடவயும் இதத்தான் சொன்னிய. இப்படியே எளச்சா நான் காத்துல பறந்துருவேன்."

சாப்பிட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே இருந்து பார்த்தால் படித்துறை தெரியும். அவள் சுண்ணாம்பு அடித்தாள், நான் புல் பிடுங்கினேன். அடித்துக்கொண்டே தன் காலேஜ் கதையெல்லாம் கரோலினிடம் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். "ஏட்டி கரோ, ஒனக்கு ஒரு விஷயம் தெரியுமா" என்றுதான் ஆரம்பிப்பாள். பத்தொன்பது வயது. காதில் புதிதாக ஒரு கம்மல் போட்டிருந்தாள். கரோலினுக்கும் பத்தொன்பது ஆகியிருக்கும்.

பிறகு பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சரிந்த கரையை எட்டிப் பார்த்தாள்.

"சித்தி, ஒன்னு சொன்னா கோவப்படக் கூடாது. அடுத்த மழைக்கு இது நிக்காது. கரோவ எடுத்து மேட்டுப் பக்கம் வச்சிருவோமா? அப்பா கமிட்டில பேசிட்டாவ. சர்ச் ஐயரும் சரின்னுட்டாவ. நீங்க தலையாட்டினாப் போதும்."

கோபப்படவில்லை. யோசிக்கிறேன் என்றேன். ஆனால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது. என் பிள்ளையை மறுபடி தோண்டி எடுக்க நான் ஏன் சம்மதிக்க வேண்டும். தோண்டுகிறவன் நிறுத்தட்டும். தப்பு செய்யாதவள் இடம் மாற வேண்டும், தப்பு செய்தவன் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்றால் அது என்ன முறை. இதை அவளிடம் சொல்லவில்லை. நல்ல மனதோடு சொன்ன பிள்ளையிடம் ஏன் வாதாட வேண்டும்.

சுண்ணாம்பு அவள் தலையிலும் கையிலும் தெறித்திருந்தது. குளித்துவிட்டு வருகிறேன் என்றாள். துண்டை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். படியில் இறங்கி நின்று, நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"சித்தி, கம்பு கொஞ்சம் தள்ளிப் போயிருக்க மாதிரி இருக்கு?"

"இந்த வருசம் மணல் கூடியிருக்குட்டி. கம்புக்கு இந்தப் பக்கம் பயமில்ல."

"அப்ப எண்ணுங்க. ஏட்டி கரோ, நான்தான் முந்தி."

சின்ன வயதில் பாவாடையைத் தூக்கிச் செருகுகிற மாதிரியே சுடிதார் ஷாலை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி ஓடினாள். நான் எண்ணினேன். கணுக்காலில் இருந்து முழங்கால், முழங்காலில் இருந்து இடுப்பு. கம்பைத் தொடக் கையை நீட்டியபடியேதான் போனாள். மணல் சரிந்தபோது அவளுக்கு அது விளையாட்டாகத்தான் பட்டிருக்க வேண்டும், முதலில் சிரித்தாள். அப்புறம் சித்தி என்று ஒரு தடவை கூப்பிட்டாள். என் கையில் அவளுடைய துண்டு இருந்தது. நாலைந்து எட்டு இறங்கி எறிந்திருந்தால் எட்டியிருக்கலாம். நீளமான துண்டு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. தண்ணீர் அடங்கிய பிறகு ஊரைக் கூப்பிட்டேன். நன்றாகச் சத்தமாகத்தான் கூப்பிட்டேன், எல்லாரும் ஓடி வந்தார்கள்.

கிளார்க் சொன்னது பொய்யாகவில்லை. ஆள் வந்தார்கள். ஈஸ்டர் அன்று ஆராதனைக்குப் பதில் ஊர் முழுக்க ரோட்டில் உட்கார்ந்தது. கிங்ஸ்லி சார் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் முகமே போதுமாக இருந்தது. டிவிக்காரர்கள் வந்தார்கள். நான் மனுக் கொடுத்த அலுவலகங்களில் இருந்தெல்லாம் ஜீப்புகள் வரிசையாக வந்து நின்றன. கடைசியில் எல்லாரும் ஒன்றாக வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்திருந்தேன். இதுவரை நான் சொன்னதில் தப்பு என்று எனக்குப் படுவது இது ஒன்றுதான்.

பெரிய அதிகாரி படித்துறையில் நின்று, "இந்தக் கம்ப நட்டது யாரு?" என்று கேட்டார். ஊரே ஒரே குரலில் சொன்னது: ஜெபகனி அக்கா. குழிக்கு முன்னால்தான் நடுவாள். அவள் நட்டால் அடி பிசகாது. அதிகாரி அதைக் கேட்டுக்கொண்டார். கம்பு நட்ட இடம் சரி என்றால், கம்புக்கு இந்தப் பக்கம் அப்போது குழி இருந்திருக்க முடியாது. பிறகுதான் வந்திருக்க வேண்டும். ஆறு தானாக அரித்து உண்டாக்கியிருக்க வேண்டும். பெருமாள்ராஜ் கூட்டத்துக்குப் பின்னால் இருந்து மெதுவாக முன்னால் வந்தார்.

"பாத்தியளா சார். ஆறு தன்னால தோண்டிக்கிடுது. பழிய எங்க தலைல போடுதாவ."

நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு ஊர் கொடுத்த நற்சாட்சியே அவரைக் காப்பாற்றியது. இயற்கையான நீரோட்டத்தால் ஏற்பட்ட பள்ளத்தில் தவறி விழுந்து மரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் படித்துறையில் முள்கம்பி வேலி போட்டார்கள். "ஆழமான பகுதி. குளிக்கத் தடை" என்று ஒரு போர்டு. ஆற்றுக்கு ஆள் வருவது நின்றுவிட்டதால் இயந்திரம் இப்போது பகலிலேயே இறங்குகிறது. மறுபடி மனுக் கொடுக்கப் போனேன். கிளார்க் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு, "அதான் போர்டு வச்சாச்சுல்லாம்மா" என்றார்.

இத்தனை மாதம் பொறுத்துப் பார்த்தேன். இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது, அதனால் வந்தேன். நீங்கள் எழுதும்போது முதலில் குழியை எழுதுங்கள், ஐயா. அது நகரவில்லை. பெருமாள்ராஜின் இயந்திரம் எங்கே தோண்டியதோ அங்கேயேதான் இருக்கிறது. ஆள் இறக்கி அளந்து பாருங்கள், மூன்று பக்கமும் நேராக இருக்கும். ஆறு நேராக வெட்டாது. நகர்ந்தது கம்பு. அதை நகர்த்தியது நான். குழியை எழுதின பிறகு என் பெயரை எழுதுங்கள். நீங்கள் அரைமணி நேரமாக என் பெயரை மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பிள்ளை மேல் ஏதாவது மனக்கசப்பு இருந்ததா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். இல்லை. அவளை அடக்கம் செய்ய இடம் பார்த்தபோது கிங்ஸ்லி சார் மேட்டுப் பக்கம்தான் போனார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். சேர்ந்து படித்த பிள்ளைகள், சேர்ந்தே இருக்கட்டும் என்று சொன்னேன். அவர் அழுதுகொண்டே சரி என்றார். மனக்கசப்பு இருந்தால் அப்படிச் சொல்லுவேனா. கரோலினுக்கும் ஆற்றுக்கும் நடுவில் அந்த ஒரு ஆள் இடம் இருந்ததே, அதில்தான் பெர்லின் இருக்கிறாள்.

இந்த வருஷமும் வெள்ளம் வரும். வந்தால் கரை அவள் பக்கத்தில் இருந்துதான் சரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் யார் முந்தி என்பதுதானே எப்போதும் விளையாட்டு. போன தடவை என் பிள்ளை முந்திப் போய்விட்டாள். இந்தத் தடவை பெர்லின் முந்தட்டும்.